மேலிடத்தின் கடவுச்சொல்

கணினி மூன்றாவது தடவையாக மறுத்தபோது கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கோபத்தில் அல்ல, மரியாதையில்.

திரையின் நடுவே ஒரு சின்னக் கட்டம். அதற்குள் சுத்தமான தமிழில் இரண்டே வரி. ‘வலை இணைப்புகளை மாற்றுவதை அமைப்பின் கொள்கை தடுக்கிறது. தொடர வேண்டுமானால் நிர்வாகியின் கடவுச்சொல் தேவை.’

நகராட்சியின் அனுமதிப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர் அவர். சாலையைத் தோண்ட, பெயர்ப்பலகை மாட்ட, ஏணியைச் சுவரில் சாய்க்க, சாய்த்த ஏணியைத் திரும்ப எடுக்க என்று எவன் எதைச் செய்வதானாலும் அவருடைய பச்சை மசிக் கையெழுத்து வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு மேலே வந்தால் மேகம்கூடக் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கடக்கும் என்று பேசிக்கொள்வார்கள். பேசிக்கொண்டது அவரே என்பது வேறு விஷயம்.

அவர் எத்தனையோ மறுப்புக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். ‘வருந்துகிறோம்’ என்று ஆரம்பிப்பார், ‘பரிசீலிக்கப்படும்’ என்று முடிப்பார், நடுவில் ஒரு பக்கம் வழவழா கொழகொழா. இங்கே பார்த்தால் இரண்டே வரி. வருத்தமும் இல்லை, நாளைக்கு வா என்பதும் இல்லை. காரணம், கொள்கை. பரிகாரம், நிர்வாகி. முடிந்தது கதை.

“அடேங்கப்பா! எழுதினா இப்படி எழுதணும்,” என்றார்.

“சரியாயிடுச்சா?” என்று அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுகிற குரல்.

“இல்ல. ஆனா என்ன கம்பீரம் தெரியுமா?”

“கம்பீரத்தை வெச்சு நான் என்ன பண்றது? பதினோரு மணிக்கு அவங்க முன்னாடி நான் தெரியணும்.”

அதுதான் விஷயம். முப்பது வருஷமாக வீட்டின் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளை, ஒரு தையல் பயிற்சி நிலையம் ஆசிரியை வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்திருந்தது. கணினி வழியாகத்தான் நேர்காணல். காலரை வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும், மேசை முழுக்கத் தெரிய வேண்டும், கைப்பேசியில் வரக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அழைப்புக் கடிதத்தை அவள் எத்தனை தடவை படித்தாள் என்றால், தாள் மடிப்பில் கிழிந்து, அதையும் தையல் போட்டு வைத்திருந்தாள்.

காலை எட்டு மணிவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எட்டு ஐந்துக்குக் கண்காணிப்பாளர் உதவி செய்ய ஆரம்பித்தார்.

அவர் கைப்பேசியில் பார்த்தபோது வீட்டு வைஃபையில் ஏழு சாதனங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் கணக்குக்கு வீட்டில் இருப்பது ஆறு. அப்படியானால் ஏழாவது? எவனோ உறிஞ்சுகிறான்! மனைவியின் நேர்காணல் நடுவில் படம் உறைந்து நின்றால் என்ன ஆவது? உடனே வைஃபை பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் போட்டு உள்ளே புகுந்து கடவுச்சொல்லை மாற்றினார். புதுசு முப்பத்தோரு எழுத்து. நடுவில் இரண்டு அரைப்புள்ளிகூட உண்டு. உலகத் திருடர்களெல்லாம் ஒன்றுகூடி மாநாடு போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

திருடனை வெளியேற்றியாகிவிட்டது. இனிப் புதுக் கடவுச்சொல்லைக் கணினிக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. சொல்ல உட்கார்ந்தால், அதைக் கேட்டுக்கொள்ளவே அது மறுக்கிறது. வீடு அவருடையது, வைஃபை அவருடையது, கடவுச்சொல்லும் அவர் பெற்ற பிள்ளை. ஆனால் அதைச் சொல்வதற்கு அவருக்கு அனுமதி கிடையாது.

மனைவி குண்டூசிகளைத் துணியில் குத்திவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“நிர்வாகி கடவுச்சொல் கேக்குதா? எனக்கும் எப்பவும் அதைத்தான் கேக்கும். போன வருஷம் அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேனே, அங்க இருக்கற வைஃபையில சேர மாட்டேன்னுடுச்சு. அதுக்கப்புறம் இந்த அறையை விட்டு அது வெளிய போனதில்ல. நானும்தான்.”

“கேக்கற விதத்துல கேக்கணும்மா. நீ அதட்டியிருப்ப.”

“சரி, நீங்க கொஞ்சிப் பாருங்க.”

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். ஒரு மேலதிகாரியின் மனம் எப்படி யோசிக்கும் என்று முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தைக் கசக்கிப் பிழிந்து, ‘நேர்மை’ என்று அடித்துப் பார்த்தார். தவறு. ‘கடமை’ என்றார். தவறு. ‘ஐயா’ என்றார். கணினி இரண்டு நொடி யோசித்தது. அந்த இரண்டு நொடியில் அவர் மூச்சே விடவில்லை. தவறு.

“மயங்கவே மாட்டேங்குது!” என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. “என் பிரிவுல இப்படி ஒரே ஒரு ஆள் இருந்திருந்தா நான் இந்த ஊரையே தங்கமாக்கியிருப்பேன்.”

“மணி எட்டே முக்கால். பழைய கடவுச்சொல்லையே திரும்பப் பெட்டியில போட்டுடுங்களேன். அதுதான் கணினிக்குத் தெரியுமே.”

நல்ல யோசனை. ஒரே ஒரு தடங்கல், பழையது என்ன என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டுக் கொடுத்த மெக்கானிக் பெண் வைத்தது அது. கணினிக்குள்ளேதான் இருக்கிறது. கண்காணிப்பாளர் தேடிப் பிடித்தார். எட்டுக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு கண் படம். அதைத் தொட்டால் புள்ளிகள் எழுத்தாகும். தொட்டார்.

‘சேமித்த கடவுச்சொல்லைப் பார்க்க நிர்வாகியின் அனுமதி தேவை.’

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“பாக்கக்கூட விட மாட்டேங்குதும்மா! கோப்பு கையில இருக்கு, பிரிச்சுப் படிக்க அனுமதி வேணும்ங்குது. ஆகா! இதை யோசிச்ச மூளை சாதாரண மூளையா?”

“உங்க கைப்பேசியிலேர்ந்து இணைப்பு குடுங்க.”

கொடுத்தார். கைப்பேசியின் பெயர் கணினித் திரையில் பளிச்சென்று வந்தது. சேரப் போனால், ‘புதிய இணைப்பைச் சேர்க்க நிர்வாகியின் கடவுச்சொல் தேவை.’ முன்வாசல், பின்வாசல், சாளரம், எலி போகும் பொந்து என்று எல்லாவற்றுக்கும் பூட்டு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. அது யார் இடுப்பில் தொங்குகிறதோ தெரியவில்லை.

மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்தார்.

“மா, அந்த நிர்வாகி கடவுச்சொல்லைக் கொஞ்சம் சொல்றியா? அவசரம்.”

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. “சார், நான் ஏமாற மாட்டேன்.”

“ஏமாத்தலம்மா, நெஜமாவே வேணும்.”

“யார் கேட்டாலும் தரக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு இருக்கு சார்.”

“பழைய வைஃபை கடவுச்சொல்லாவது?”

“அது ரெண்டாவது பக்கத்துல இருக்கு சார். அதுவும் கூடாது.”

கண்காணிப்பாளருக்கு மயிர் கூச்செறிந்தது. பக்கம் எண்ணோடு சொல்கிறாள்! “அவ்வளவு பெரிய உத்தரவா? யாரும்மா போட்டது?”

அவள் மறுபடியும் சிரித்தாள். “அது உங்களுக்குத் தெரியாதா சார்? நேர்ல வந்துதான் திறக்கணும்னு விதி. கையில ஒரு வேலை இருக்கு, பத்தே முக்காலுக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாம இருங்க.”

அவர் கைப்பேசியை இரண்டு கையாலும் மேசையில் வைத்தார்.

“யாராம்?” என்றாள் மனைவி.

“பேரைச் சொல்ல மாட்டேங்கறா. சொல்லக்கூடிய பேரா இருந்தா சொல்லியிருப்பாளே! ரொம்ப மேலிடம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நம்ம முன்னறையில இருக்கற கணினியோட நிர்வாகம் எங்கயோ உச்சியில இருக்குது. ஒவ்வொரு பயனருக்கும் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்கார். நெனச்சாலே புல்லரிக்கல?”

“எனக்கு மணி ஆகுது,” என்று சொல்லிவிட்டு அவள் துணி பொம்மையின் கழுத்தை அளக்கப் போனாள்.

எதையும் தொடாமல் இருப்பது கண்காணிப்பாளருக்குப் பழக்கமில்லாத வேலை. ஒன்பதே காலுக்கு மேல்வீட்டுக்காரர் வந்தார். ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவியவர். அந்த ஈரத்தில் உலகத்து விஞ்ஞானமெல்லாம் தன் கையில் ஒட்டிக்கொண்டதாக நினைப்பவர். மாடிப்படிக்குக் கண்காணிப்பாளர் விதி எழுதி ஒட்டியிருந்தபடி, இடது ஓரமாகவே இறங்கி வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன், ஓய்வு பெற்ற முதல் மாதம், கையெழுத்துப் போட ஒன்றும் இல்லாமல் விரல்கள் துடித்த துடிப்பில், படிக்கட்டு விதிகள், குழாய் விதிகள், அழைப்பு மணியை அழுத்தும் விதிகள் என்று கண்காணிப்பாளர் எழுதித் தள்ளியது கொஞ்சமல்ல. எழுதியதும் மறந்துவிடுவார். அலுவலகத்திலும் அப்படித்தான். போட்ட கையெழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது கீழே இருப்பவர்கள் வேலை.

“இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார் மேல்வீட்டுக்காரர். “கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறங்க. நான் சொல்றதை அடிங்க. ‘நிர்வாகியா நடந்துக்கோ’ன்னு அதுக்கு ஒரு மந்திரம் இருக்கு.”

“அது தப்பில்லையா?”

“உங்க வீட்டுக் கணினிதானே?”

கறுப்புத் திரை திறந்தது. மந்திரம் அடிக்கப்பட்டது. வெள்ளை எழுத்தில் பதில் வந்தது. ‘இப்பயனர் அதிகாரம் பெற்றவர் பட்டியலில் இல்லை. இச்சம்பவம் மேலே தெரிவிக்கப்படும்.’

இருவரும் அசையவில்லை. சுவரில் கடிகாரம் மட்டும் அசைந்தது.

“தெரிவிக்கப்படுமா? யாருக்கு?” என்றார் மேல்வீட்டுக்காரர்.

“மேலிடத்துக்கு,” என்று கண்காணிப்பாளர் மெல்ல எழுந்து நின்றார். “முறையிலேர்ந்து ஒரு அங்குலம் நகர்ந்தோம். அதுக்குள்ள குறிப்பு எழுதிடுச்சு. அதிகாரின்னா இது அதிகாரி!”

“என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. நான் வரவே இல்ல, என்ன?” மேல்வீட்டுக்காரர் படியேறி ஓடினார். அந்த அவசரத்திலும் இடது ஓரம்தான்.

மணி பத்து. மனைவி முகம் கழுவி, தலைவாரி, காலர் துணியைத் தேய்த்து மடித்து மேசையில் வைத்திருந்தாள். கத்தரிக்கோல், சாக்குக்கட்டி, அளவு நாடா எல்லாம் அறுவை சிகிச்சைக்கு அடுக்கியதுபோல் வரிசையாக இருந்தன. அவள் விரல் மட்டும் அளவு நாடாவைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தது. அதைப் பார்த்தபோது கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. மெக்கானிக் பத்தே முக்காலுக்கு வராமல் போனால்?

வைஃபை பெட்டியின் பின்பக்கம் ஒரு குட்டித் துளை. அதில் ஊசியால் குத்தினால் பெட்டி பிறந்த அன்றைக்கு இருந்ததுபோல் ஆகிவிடும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். பழையபடி ஆகிவிட்டால் பழைய கடவுச்சொல்லும் திரும்பி வந்துவிடுமே! மனைவியின் குண்டூசி ஒன்றை எடுத்தார். குத்தினார். பத்து வரை எண்ணினார்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பெட்டி நிஜமாகவே பிறந்த அன்றைக்குப் போய்விட்டது. தான் யார், எந்த நிறுவனத்தின் கம்பி தன் முதுகில் சொருகியிருக்கிறது, இணையம் என்றால் என்ன என்று எதுவும் அதற்கு ஞாபகம் இல்லை. இதுவரை கணினிக்குத்தான் இணையம் இல்லை. இப்போது வீட்டுக்கே இல்லை.

முன்னறைத் தொலைக்காட்சியில், ‘இணைப்பு இல்லை’ என்று எட்டு மணியிலிருந்தே நின்ற அறிவிப்பு இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கண்காணிப்பாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மனதுக்குள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஏழாவது சாதனம் அதுதான்.

“என்ன பண்ணீங்க?” என்றாள் மனைவி, மிக அமைதியாக. அவள் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை. இப்படிப் பேசினால்தான் பயம்.

“உதவி.”

“வேணாம். நான் எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கேன் தெரியுமா? யாரும் என்னை உக்காருங்கன்னு சொல்லி ஒரு கேள்வி கேட்டதில்ல. இன்னிக்கு மூணு பேர் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குக் காலியான நாற்காலிதான் தெரியப் போகுது.” அவள் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். “பாவம் அந்தக் கணினி. அது என்ன பண்ணும்? எவரோ எங்கயோ உக்காந்துக்கிட்டு என்னை நம்பலன்னு எழுதியிருக்காரு. அது கேக்குது.”

மனிதருக்குப் பேச்சு வராவிட்டால் மனு வரும். பச்சை மசிப் பேனாவைத் திறந்தார். கோடு போட்ட தாளை எடுத்தார்.

‘மதிப்பிற்குரிய மேலிடத்துக்கு. முப்பத்து நான்கு ஆண்டுகள் விதிகளோடு வாழ்ந்தவன் எழுதுவது. தங்கள் விதிகளைப் போல ஓட்டையில்லாத விதிகளை நான் கண்டதில்லை. தங்கள் பாதம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு என் வணக்கம். ஆயினும் ஒரு விண்ணப்பம். இவ்வியந்திரத்தின் பயனர் என் மனைவி. முப்பது ஆண்டுகளில் ஒருவர் துணியையும் கெடுத்ததில்லை. அவர் கை தெரியாமல் எதையும் வெட்டாது. இத்தகையவருக்கு ஒரு வலை இணைப்பை மாற்றும் அனுமதிகூட இல்லாதது ஏன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அவரை நேரில் அறியாததால் நேர்ந்த பிழையாக இருக்கலாம். அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில், முழு அதிகாரத்துக்கும் தகுதியானவர் எனச் சான்றளிக்கிறேன்.’

கீழே கையெழுத்துப் போட்டார். கடைசி இழுப்பில் பேனா தாளைக் கொஞ்சம் கிழித்தேவிட்டது. அவ்வளவு அழுத்தம்.

பத்து நாற்பத்தெட்டுக்கு மெக்கானிக் வந்தாள். தோளில் பை, கையில் தலைக்கவசம். சிவப்பு விளக்கை ஒரு பார்வை பார்த்தாள், துளையில் நிற்கிற குண்டூசியை ஒரு பார்வை பார்த்தாள்.

“என் கைப்பேசியிலேர்ந்து இணைப்பு தர்றேன். சார், கடவுச்சொல் போடும்போது மூணடிக்குள்ள யாரும் நிக்கக் கூடாது. பதினோராவது விதி.”

கண்காணிப்பாளர் ஆறடி நகர்ந்தார். அதுவும் போதாதென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் விசைப்பலகையில் சடசடவென்று ஓசை கேட்டது. எத்தனை எழுத்து என்றுகூட எண்ணாமல் இருக்க, வாய்க்குள் வேறு எண்களைச் சொல்லிக்கொண்டார். திரும்பியபோது, காலையிலிருந்து கல்லாக நின்ற அந்தக் கட்டம் காணாமல் போயிருந்தது. ஒரு சொல்! ஒரே சொல்லுக்கு மலை வழிவிட்டது! அவருக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது திரையில் மூன்று முகங்கள் வந்தன. “வணக்கம், உக்காருங்க,” என்றது நடுவிலிருந்த முகம். அறைக் கதவு சாத்தப்பட்டது.

வெளியே கண்காணிப்பாளரும் மெக்கானிக்கும் நின்றார்கள். உள்ளே கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற ஓசை, யாரோ ஏதோ கேட்கிற ஓசை, அதற்கு மனைவி தயங்காமல் பதில் சொல்கிற ஓசை. இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. குறுக்கே பேச ஆள் இல்லாததால் இருக்கும். தையல் இயந்திரம் எட்டு நொடி ஓடி நின்றது. பிறகு உள்ளே யாரோ “அடடா!” என்றார்கள்.

கண்காணிப்பாளர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் கணினியின் முன் எழுந்து நின்றதுபோலவே இப்போதும் நின்றார். ஆனால் இந்தத் தடவை சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. மனைவியின் தோளில் நூல் துண்டு ஒட்டியிருந்தது. முகத்தில் வேறு ஒரு விளக்கு.

“அடுத்த மாசத்துலேர்ந்து நாப்பது பேருக்குப் பாடம் எடுக்கணுமாம். வகுப்புல யாரைச் சேக்கலாம், யாரைப் பேச விடலாம், எல்லா அதிகாரமும் என் கையிலதானாம்.” அவள் கொஞ்சம் சிரித்தாள். “எனக்கு!”

கண்காணிப்பாளர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் மெக்கானிக்கிடம் நீட்டினார்.

“மா, நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும். இதை அந்த மேலிடத்துக்கிட்ட சேத்துடு. அவரைப் பாத்தா, என் வணக்கத்தைச் சொல்லு. ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் பண்ணினது அநியாயம்னும் சொல்லு. பயப்படாம சொல்லு.”

அவள் கடிதத்தைப் படித்தாள். முதல் வரிகளில் புருவம் உயர்ந்தது. கடைசி வரிகளில், அவர் காலையில் தன்னைச் சோதிக்கவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்பது புரிந்து வாய் திறந்தது. கீழே இருந்த பச்சை மசிக் கையெழுத்தைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த நாலு தாள்களை எடுத்து, கடிதத்தோடு சேர்த்து அவர் கையிலேயே வைத்தாள்.

“இதை நான் எங்கயும் கொண்டுபோக வேண்டியதில்ல சார். ‘என் மனைவி வலை இணைப்புல கை வைக்கவே கூடாது, நானே வந்து கெஞ்சினாலும் கடவுச்சொல்லைத் தராதே, அடிக்கடி சோதிச்சுப் பாப்பேன்’னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மேலிடம் நீங்கதான்.”